பழைய லாரி கேபினுக்கு புது பார்ட்ஸ் போடறவங்க கழட்டுன பழசை தூக்கிப் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

பழைய லேலண்ட் காமெட், டாடா 1210 மாதிரி வண்டிங்களை காயலான் கடைக்கு போடாம திரும்ப ரெடி பண்ணி வச்சுக்கணும்னு நினைக்கறவங்க எங்க சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் இன்னும் இருக்காங்க, எங்க வீட்லயும் அப்பா ஓட்டுன காமெட் ஒண்ணு நிக்குது. இஞ்சின், கியர்பாக்ஸ் வேலைக்கு எப்படியோ ஆள் கிடைச்சு வண்டி ஓடிடுது. கேபின் உள்பக்கம்னு வரும்போதுதான் அவசரப்படறாங்க, சீட்டு, டோர் பேட் (கதவோட உள்பக்கம் மாட்டற பலகை), ரூஃப் லைனிங், மீட்டர் போர்டுனு எல்லாத்தையும் ஒரே மூச்சுல பிச்சு எறிஞ்சுட்டு புதுசு வாங்க கடைக்கு ஓடறாங்க. அதைப் பத்திதான் இந்த லெட்டர்.

அந்தக் காலத்துல கம்பெனியில இருந்து பெரும்பாலும் சேசிஸும் கவுல்ங்கற முன்பக்க தகடு முகப்பும்தான் வரும். கேபினை பட்டறையில ஆசாரியும் டிங்கரும் சேர்ந்து கையால கட்டுவாங்க, அதனால ஒரே பட்டறையில கட்டுன ரெண்டு வண்டிக்கே அளவு ஒத்து வராது, ஏன் ஒரே வண்டியில இடது கதவுக்கும் வலது கதவுக்குமே அரை இன்ச் வித்தியாசம் இருக்கும். கடையில "அப்படியே உக்காந்துரும்ண்ணா"னு சொல்லி குடுக்கற டோர் பேட் எப்படி உக்காரும் சொல்லுங்க? ஹேண்டில் ஓட்டை ஒரு பக்கம், கண்ணாடி ஏத்தற ராடு ஒரு பக்கம்னு நிக்கும், உடனே பட்டறையில கதவு தகட்டுலயே புதுசா துளை போட்டுருவாங்க, கொஞ்ச நாள்ல அந்த துளை ஒவ்வொண்ணுலயும் துரு ஏறிடும்.

கழட்டுன பழைய டோர் பேட் பிளைவுட் உளுத்துப்போய் ஓரம் உதிர்ந்திருந்தாலும் சரி, அந்த வண்டிக்கு இருக்கற ஒரே டிராயிங் அதுதாங்க. அதை கெட்டியான அட்டை மேல வச்சு சுத்தி பென்சில்ல வரைஞ்சு, ஓட்டைங்களையும் குறிச்சு, இடது வலதுனு எழுதி வைங்க, உதிர்ந்துபோன ஓரத்தை கதவுல வச்சு அளந்து சரி பண்ணிக்கலாம். அந்த அட்டையை வெட்டி முதல்ல கதவுல மாட்டிப் பாருங்க, அட்டை உக்காந்தா பிளைவுட்டும் உக்காரும். ஸ்க்ரூ எல்லாத்தையும் பாதி முறுக்கி விட்டு, ஹேண்டில் சுத்துதா, கண்ணாடி தட்டாம இறங்குதானு பாத்துட்டு அப்புறம் டைட் பண்ணுங்க.

கதவுக்குள்ள மழைத்தண்ணி போகத்தான் செய்யும், கண்ணாடி ஓரமா இறங்கி கதவு அடியில இருக்கற ஓட்டை வழியா வெளிய வந்துரும், அதுக்குத்தான் அந்த ஓட்டையே. பெயிண்ட் அடிக்கறப்ப அதை பட்டி போட்டு அடைச்சுடறாங்க. பேடுக்கு பின்னாடி இருந்த பிளாஸ்டிக் ஷீட்டையும் தேவையில்லைனு விட்டுடறாங்க, அடுத்த மழைக்கு புது பிளைவுட் ஊதி ரெக்ஸின் கழண்டு தொங்குது. ஒரு மீட்டர் ஷீட்டுக்கு என்ன செலவு ஆயிடப் போகுது.

வேலைக்கு வரிசைனு ஒண்ணு இருக்கு, அதை மாத்தினா செஞ்ச வேலையை திரும்ப பிரிக்கணும். முதல்ல வயரிங், அப்புறம் சூட்டுக்கும் சத்தத்துக்கும் போடற ஷீட், அதுக்கு மேல ரூஃப் லைனிங், அதுக்கப்புறம்தான் முன் கண்ணாடி, ஏன்னா லைனிங்கோட ஓரம் கண்ணாடி பீடிங் ரப்பருக்கு அடியில போய் உக்காரணும். கண்ணாடி போடறப்ப ரப்பர் பள்ளத்துல நூல் கயிறு சுத்தி சோப்பு தண்ணி தடவி, வெளிய இருந்து ஒருத்தர் அமுக்க உள்ள இருந்து ஒருத்தர் கயித்தை மெதுவா இழுத்தா ரப்பரோட உதடு தானா ஏறிக்கும், ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்புனா கண்ணாடி போச்சு. சீட்டு கடைசி. அதுலயும் ஃபோம் தடிமனா போட்டா நல்லதுன்னு நினைக்கறாங்க, டிரைவர் உயரமா உக்காந்து தொடை ஸ்டியரிங்ல இடிக்கும், கிளட்ச் மிதிக்க கால் எட்டாது, பழைய சீட்டோட உயரத்தை ஆள் உக்கார வச்சே அளந்து வச்சுக்கணும்.

மீட்டர் போர்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரி எர்த் வயரை கழட்டுங்க. வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டானு பாக்காம மீட்டர் வாங்காதீங்க, டீசல் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் சென்டரோட (டேங்க்லயும் இஞ்சின்லயும் இருந்து மீட்டருக்கு அளவு அனுப்பற பார்ட்) ஜோடி சேரலைன்னா காட்டறதெல்லாம் பொய்யாத்தான் இருக்கும், சூடு ஏறுறது தெரியாம இஞ்சின் ஹெட் போயிரும். பழைய ஆம்ப்ஸ் மீட்டர் வழியா ஸ்டார்ட்டருக்கு போறது தவிர பெரும்பாலும் மத்த கரண்ட் எல்லாம் போகும், அதோட நட்டு லூசா இருந்தா டேஷ்போர்டுலயே தீ பிடிக்கும்.

இன்னொண்ணு, இதை கொஞ்சம் பெருசாவே போடுங்க ஐயா. இஞ்சின் மூடிக்கு அடியில ஒட்டியிருக்கற பழைய சாம்பல் கலர் ஷீட்டு அஸ்பெஸ்டாஸா இருக்க வாய்ப்பு இருக்கு. அதை காஞ்சபடியே சுரண்டறதும் பட்டறை பசங்க உடைச்சு கூட்டறதும் நுரையீரலுக்கு ஆபத்து, பிற்காலத்துல கேன்சர் வரைக்கும் கொண்டு போகும். சந்தேகமா இருந்தா தொடாம விவரம் தெரிஞ்சவங்களை வச்சுத்தான் எடுக்கணும், சின்ன பசங்களை அந்தப் பக்கமே விடாதீங்க.

2025 அக்டோபர்ல இருந்து தயாராகுற புது சரக்கு லாரிங்க கேபின்ல ஏசி கட்டாயம்னு வந்ததுல இருந்து சிலர் பழைய வண்டிக்கும் ஏசி வைக்கப் போறோம்ங்கறாங்க. புது லாரிக்கு அந்த ரூல் வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம், எங்கப்பா வயசு டிரைவருங்க அந்த இஞ்சின் மூடி பக்கத்துல வெந்து போனவங்க. ஆனா பழைய கேபினுக்கு அதுக்காக டேஷ்போர்டை வெட்ட வேண்டாம், நல்ல ஷீட்டும் ஃபேனும் போதும்.

கடைசியா அரசாங்கத்துக்கு ஒரு கோரிக்கை. 2021ல மத்திய அரசு வின்டேஜ் வண்டிக்குனு ரூல் போட்டுச்சு, 50 வருஷம் தாண்டுன டூவீலருக்கும் காருக்கும் தனி நம்பரோட ரிஜிஸ்ட்ரேஷன் குடுக்கறாங்க. லாரி அதுல இல்லை. எண்ணூர்ல செஞ்ச லேலண்டும், டாடாவோட லாரி கம்பெனி டெல்கோ 1954ல பென்ஸோட ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூர்ல செஞ்ச டாடா மெர்சிடிஸும்தான் இந்த ஊருக்கே சோறு போட்டுச்சு. ஒரு வெளிநாட்டு காருக்கு இருக்கற மரியாதை அதுக்கு ஏன் இல்லை? சரக்கு ஏத்த மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம்னு எழுதி வாங்கிட்டு பழைய லாரியையும் அந்த ரூல்ல சேர்க்கணும், நம்ம எம்பிங்க இதை டெல்லியில பேசணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
லாரி டிரைவர் ஒருத்தரோட மகன்,
சங்ககிரி.