மாடிக் குளியலறை ஷவர்

அன்புள்ள மகளுக்கு,

போன முறை வந்திருந்தபோது உன் வீட்டில் யாரும் புழங்காமல் கிடக்கும் மாடிக் குளியலறையைத் திறந்து பார்த்தேன். குழாயைத் திருகியதும் இரண்டு முறை இருமிவிட்டுத் துரு நிறத்தில் தண்ணீர் வந்தது. ஷவர் தலையைக் கழற்றி உள்ளே விரலால் தடவினேன். வழவழவென்று ஒரு படலம் நகத்தில் ஒட்டிக்கொண்டது. நீ வேலையில் மூழ்கியிருந்தாய், சொல்லாமல் வந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

அடுத்த மாதம் உன் மாமியார் அந்த மாடி அறையில் தங்கப்போகிறார் என்று எழுதியிருக்கிறாய். வயதானவர், மூச்சிரைப்பும் உள்ளவர். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஓடாமல் தேங்கிய தண்ணீரில் குளோரின் நாளடைவில் வீரியம் இழந்துவிடும். 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில், அந்தப் படலத்துக்குள் லீஜியோனெல்லா என்ற கிருமி பெருகக்கூடும். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் நிமோனியாவில் இறந்தார்கள். காரணமான இந்தக் கிருமியை அடுத்த ஆண்டுதான் கண்டுபிடித்தார்கள். தண்ணீரின் நுண்திவலைகளை மூச்சில் இழுக்கும்போதுதான் பெரும்பாலும் இது நுரையீரலுக்குள் போகிறது. ஆகவே குழாயைவிட ஷவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

அவர் வருவதற்கு முன் ஷவர் தலையைக் கழற்றிவிடு. ஜன்னலைத் திறந்துவைத்து, தண்ணீர் தெறிக்காதபடி குழாயை மெதுவாகத் திற. முதலில் குளிர்ந்த நீர், பிறகு சுடுநீர், ஒவ்வொன்றும் சில நிமிடங்கள் ஓடட்டும். கழற்றிய தலையை வினிகரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் துளை துளையாகத் தேய். நீ அவசரக்காரி, இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரப்படாதே. வெந்நீர்த் தொட்டி 60 டிகிரிக்குச் சூடாக வேண்டும். அந்தச் சூட்டில் கை வெந்துவிடும், குழந்தையை அருகில் விடாதே.

அதன்பின் வாரம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் திறந்துவிடு. தண்ணீர் வீணாகிறதே என்று தயங்காதே. வாளியில் பிடித்துக் கழிப்பறையில் மெதுவாக ஊற்றலாம். முதலில் வருவதைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதே, குழாயின் உலோகம் அதில் கரைந்திருக்கலாம். தரையில் இருக்கும் வடிகாலிலும் ஒரு குவளை ஊற்று. அதன் வளைவில் நிற்கும் நீர் வற்றினால் சாக்கடை வாடை மேலே வரும்.

சனிக்கிழமை செய்துவிட்டு, தண்ணீர் என்ன நிறத்தில் வந்தது என்று எழுது.

அன்புடன்,
அப்பா