ஊதி முடித்ததும் படுத்துவிடு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. நிமிடத்துக்கு 190 துடிப்பு, இசிஜியில் எஸ்விடி, அதாவது இதயம் திடீரென்று மிக வேகமாக அடிக்கும் கோளாறு என்று சொன்னார்கள் என்றாய். எனக்கு இருப்பதும் அதேதான். அது வரும்போது கண்ணாடியில் பார்த்தால் கழுத்தில் தாலிக் கயிறு துடிப்பதே தெரியும்.

டாக்டர் சொன்னபடி மூச்சை அழுத்தி ஊதிப் பார்த்தும் படபடப்பு நிற்கவில்லை என்றாயே, உட்கார்ந்தபடியே ஊதினாயா? நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். போன வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கட்டிலில் என்னைச் சாய்த்து உட்காரவைத்து, ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சைக் கொடுத்தார். உள்ளே இருக்கும் தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 நொடி ஊதச் சொன்னார். கண் பிதுங்கிவிட்டது. ஊதி நிறுத்திய அதே நொடியில் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார். இன்னொரு 15 நொடி. நெஞ்சில் ஒரு அடி விட்டுப்போன மாதிரி இருந்தது. அப்புறம் நிதானமாக அடிக்க ஆரம்பித்துவிட்டது.

அந்தக் காலைத் தூக்குவதில்தான் விஷயமே இருக்கிறது, கண்ணு. ஊதும்போது இதயத்துக்கு ரத்தம் வருவது குறைகிறது. விட்டதும் காலில் இருக்கும் ரத்தமெல்லாம் ஓடி வந்து அழுத்தம் ஏறுகிறது. உடனே இதயத் துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பு அதன் கடிவாளத்தை இழுக்கிறது. இதயத்துக்குள் வட்டமாகச் சுற்றி அதை வேகமாக அடிக்கவைத்த மின்சாரம் அறுந்துவிடுகிறது. இங்கிலாந்தில் 428 பேரிடம் இதைச் சோதித்து 2015-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். ஊதிவிட்டுச் சாய்ந்தபடியே இருந்தவர்களில் 100-க்கு 17 பேருக்கு ஒரு நிமிடத்தில் சரியானது. படுத்துக் காலைத் தூக்கியவர்களில் 43 பேருக்கு.

பாதிப் பேருக்கு மேல் இதிலும் நிற்கவில்லை, அதனால் நிற்காவிட்டால் பயப்படாதே, ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே துடிப்பைச் சரிசெய்ய அடினோசின் என்ற மருந்தை ஊசியாகப் போடுவார்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் ஊதிக்கொண்டே இருக்காதே, 108-ஐக் கூப்பிடு. கழுத்தை அமுக்குவது, கண்ணை அமுக்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம். வீட்டில் இந்த முறையைச் செய்யலாமா என்று உன் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

காலைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். உன் அறைத்தோழிக்கு நல்லா இருக்கும்போதே ஒருமுறை செய்து காட்டிவை. மாவடு பாட்டிலோடு இரண்டு சிரிஞ்ச் வைத்து கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ஒன்று கட்டில் பக்கத்தில் இருக்கட்டும், இன்னொன்றை ஆபீஸ் பையில் போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா