பெட்டிக்குப் பின்னால் ‘1’ என்று போட்டிருக்கிறீர்கள்

மதிப்பிற்குரிய கன்சோல் கம்பெனிகளுக்கும், பெரிய பட்ஜெட்டில் கேம் செய்து தரும் ஸ்டுடியோக்களுக்கும்,

வணக்கம். கும்பகோணத்தில் 2001-லிருந்து கேம் சென்டர் நடத்தி வருகிறேன். சோனியின் பிளேஸ்டேஷனை, பிஎஸ்1 முதல் பிஎஸ்5 வரை ஐந்தையும் கடையில் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டவன். உங்கள் பெட்டிகளை உங்களைவிட அதிக நேரம் பார்த்தவன் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் டிவியைப் பார்ப்பீர்கள். நான் டிவியைப் பார்க்கிற பசங்களின் முகத்தைப் பார்ப்பேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். கேமின் பெயர் வேண்டாம். டிரெய்லரைப் பார்த்துவிட்டு பசங்க ஒரு வாரமாக நச்சரித்ததால் 4,999 ரூபாய் கொடுத்து சிடி வாங்கினேன். காலை 9 மணிக்குப் போட்டால், இன்னும் 98 ஜிபி இறக்க வேண்டும் என்றது. இடம் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு கேமை அழித்தேன். கடையில் இருப்பது 40 எம்பிபிஎஸ் இன்டர்நெட் லைன். இறங்கி முடிய மதியம் இரண்டரை ஆகிவிட்டது.

அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். பெரியவன் எட்டாவது, சின்னவன் ஐந்தாவது. மணிக்கு 80 ரூபாய், ஆளுக்கு 40 போட்டார்கள். எங்கள் கடையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஒருத்தர் ஆடும் கேம் என்றால், செத்தால் ரிமோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். பெரியவன் முதலில் பிடித்தான். ஹீரோ மழை பெய்த காட்டில் நடந்தான். யாரோ பேசினார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தான். இலையிலிருந்து ஒரு சொட்டு தோளில் விழுந்து துணிக்குள் ஊறியது. அதை அருகில் காட்டவே கேமரா இறங்கி வந்தது. சாவதற்கு அந்தக் காட்டில் வழியே இல்லை. 47 நிமிடம் ஆனதும் சின்னவன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான், “அண்ணே, இவன் எப்ப சாவான்?”

அவன் 40 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதைக் கேட்டு இந்த மடலை எழுதவில்லை.

சிடி பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஆட்டக்காரர்கள்: 1. தப்பு என்னுடையதுதான், வாங்கும் முன் பார்த்திருக்க வேண்டும். ஆனால் இப்போதெல்லாம் எந்தப் பெரிய கேமைத் திருப்பினாலும் பெரும்பாலும் அந்த ஒன்றுதான் இருக்கிறது. என் கோரிக்கை அதைப் பற்றியது. படம் போதும். படத்தில் கொட்டும் பலத்தில் கொஞ்சத்தை இரண்டாவது ரிமோட்டுக்குக் கொடுங்கள்.

‘படம் போதும்’ என்று நான் சும்மா சொல்லவில்லை. பிஎஸ்1 காலத்தில் பல கேம்களில் கை என்பது தோசைக் கரண்டி மாதிரி ஒரே பாளமாக இருக்கும். பிஎஸ்2 வந்ததும் விரல் பிரிந்தது. அன்றைக்குக் கடை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பிஎஸ்3-ல் விரலுக்குக் கணுவும் சுருக்கமும் வந்தது, அதற்கும் “ஏய்…” என்று ஒரு சத்தம் எழுந்தது. பிஎஸ்4-ல் நகத்துக்குள் அழுக்கு. இரண்டு பேர் கவனித்தார்கள். பிஎஸ்5 வந்து மூன்றாம் நாள், ரெகுலராக வரும் காலேஜ் பையன் ஒருவன் அரை மணி நேரம் ஆடிவிட்டுக் கேட்டான்: “அண்ணே, இது ஃபோரா, ஃபைவா?”

மெஷினின் உள்ளே இருப்பதும் இதையேதான் சொல்கிறது. பிஎஸ்1-ன் மெயின் மெமரி 2 எம்பி, பிஎஸ்2-ல் 32. பதினாறு மடங்கு. பிஎஸ்3-ல் இரண்டு பாகமும் சேர்த்து 512, மறுபடி பதினாறு மடங்கு. பிஎஸ்4-ல் 8 ஜிபி, அதுவும் பதினாறு மடங்கு. பிஎஸ்5-ல் 16 ஜிபி. இரண்டே மடங்கு. பதினாறு பதினாறாகத் தாவிய குதிரை மூச்சு வாங்குகிறது. அதில் தப்பே இல்லை. ஆனால் தாவுவதாகவே போஸ்டர் அடிக்கிறீர்களே, அதுதான் பிரச்சினை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1080பி படத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே என்றால் சுமார் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு வேலை. என் கடை டிவி 43 இன்ச், நாற்காலி ஏழடி தள்ளி. 43 இன்ச்சில் 1080பி புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க, நல்ல பார்வை உள்ளவரே ஐந்தரை அடிக்குள் வர வேண்டும். ஏழடியில் உட்கார்ந்திருப்பவனுக்காக மெஷின் நான்கு மடங்கு வியர்க்கிறது, அவன் கண்ணுக்கு அதில் முக்கால்வாசி வந்து சேர்வதே இல்லை.

பரிசோதித்தும் பார்த்தேன். ஒரே கேமை, படம் கூர்மையாக வரும் ‘குவாலிட்டி’யில் கொஞ்ச நேரம், ஓட்டம் வேகமாக வரும் ‘பெர்ஃபார்மன்ஸ்’ஸில் கொஞ்ச நேரம் மாற்றி மாற்றிப் போட்டு, எதில் படம் நன்றாக இருக்கிறது என்று ஐந்து பேரிடம் கேட்டேன். ஒருவராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ரிமோட்டைக் கையில் கொடுத்ததும் ஐந்து பேரும் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓடுவதைச் சரியாகக் காட்டினார்கள். “இது வெண்ணெய் மாதிரி போகுதுண்ணே.” ஐந்து பேர் பெரிய ஆதாரமா என்று கேட்பீர்கள். 2024 செப்டம்பரில் பிஎஸ்5 ப்ரோவை அறிமுகப்படுத்தியபோது, மெஷினை வடிவமைத்த மார்க் செர்னியே சொன்னார், ஆடுபவர்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று தடவை பெர்ஃபார்மன்ஸைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று. ஜனங்கள் படத்தைக் குறைத்துக்கொண்டு வேகத்தை எடுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அதற்கு நீங்கள் கண்ட தீர்வு, இரண்டையும் தருகிறேன் என்று 700 டாலருக்கு இன்னொரு பெட்டி. சிடி போடும் டிரைவ் தனி. இந்தியாவில் அப்போது அதை விற்கவும் இல்லை. அதற்காக நான் அழவில்லை.

இரண்டாவது ரிமோட்டுக்கு வருகிறேன். திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆட வேண்டுமானால், ஒரே ஊரை மெஷின் இரண்டு பேர் கண்ணிலிருந்து இரண்டு தடவை வரைய வேண்டும். ஒரு தடவை வரைவதற்கே மூச்சு முட்டும்படி இலையையும் சொட்டையும் அடைத்து வைத்தால் இரண்டாம் தடவைக்கு எங்கே போவது? 2015-ல் ஹாலோ என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் வரிசையில் ஹாலோ 5 வந்தபோது இதுதான் நடந்தது. நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டும் என்று அந்த வரிசையின் உயிராக இருந்த திரைப் பிரிப்பையே எடுத்துவிட்டார்கள். அடுத்து வந்த ஹாலோ இன்ஃபினிட்டில் கதையைச் சேர்ந்து ஆட அதைத் தருவதாகச் சொல்லி, 2022-ல் அதையும் கைவிட்டார்கள். பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம், 10 ஜிபி மெமரி உள்ள மைக்ரோசாஃப்டின் சின்னப் பெட்டி எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ல் திரைப் பிரிப்புக்கு இடம் போதாமல் தாமதமாகி, 2023-ல் அந்தச் சின்னப் பெட்டியில் மட்டும் அது இல்லாமலேயே வந்தது, 2025-ல்தான் சேர்ந்தது. எது முதலில் வெட்டுப்படுகிறது என்று கவனியுங்கள். புல் இல்லை, நிழல் இல்லை. பக்கத்து நாற்காலிதான்.

என் கடையில் நடந்ததையும் சொல்கிறேன். ஜிடிஏ என்ற ஊர் சுற்றும் கேம் வரிசையில் 2004-ல் வந்த சான் ஆண்ட்ரியாஸில், தெருவில் ஓரிடத்தில் இரண்டு ஆள் உருவம் சுற்றிக்கொண்டிருக்கும். அதன்மேல் போய் நின்றால் இரண்டாவது ரிமோட் உயிர் பெறும். இருவரும் ஒரே திரையில் ஊர் சுற்றலாம், ரொம்ப விலகிப் போக முடியாது, அவ்வளவுதான். அந்த இடம் எங்கே என்று கண்டுபிடித்த பையனுக்கு ஒரு வாரம் ராஜ மரியாதை. 32 எம்பி மெஷின் அதைச் செய்தது. ஜிடிஏ 5 பிஎஸ்3-ல் 2013-லும், பிஎஸ்4-ல் 2014-லும், பிஎஸ்5-ல் 2022-லும் வந்தது. மூன்று தலைமுறையிலும் மழை இன்னும் நன்றாகப் பெய்தது. பக்கத்தில் இருப்பவனுக்கு மூன்றிலும் வேலை இல்லை. 2001-க்கும் 2004-க்கும் இடையில் ஒரே பிஎஸ்2-க்கு மூன்று ஜிடிஏ வந்ததையும், ஜிடிஏ 6-ஐ 2025 என்று சொல்லி, 2026 மே என்று மாற்றி, பிறகு நவம்பர் என்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆன்லைனில் சேர்ந்து ஆடலாமே என்பீர்கள். ஆடலாம். இரண்டு பெட்டி, இரண்டு டிவி, இரண்டு சிடி, இரண்டு சந்தா. 2021-ல் இங்கே 49,990 ரூபாய்க்கு வந்த பிஎஸ்5 அடுத்த ஆண்டே 54,990 ஆனது. அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிஎஸ்2, 2009-ல் 99 டாலருக்கு இறங்கியது. அப்போது பழசாக ஆகக் குறையும், இப்போது பழசாக ஆக ஏறுகிறது. நாங்கள் என்ன உங்களிடம் தங்கமா வாங்குகிறோம்?

செலவைப் பற்றி நீங்கள் புலம்புவதும் காதில் விழுகிறது. 2023-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் சோனி கொடுத்த காகிதத்தில் கறுப்பு மார்க்கரால் மறைத்ததையும் மீறித் தெரிந்துவிட்டதே: தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்ற கேமின் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், ஏறக்குறைய 200 பேர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே சோனி கேம் பிரிவில் 900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதற்கு முந்தைய மாதம் மைக்ரோசாஃப்ட் 1,900 பேரை. சொட்டு தோளில் ஊறுவதை வரைந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். படம் யாருக்காக ஏறுகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. பார்க்கிறவனுக்கும் தெரியவில்லை, வரைகிறவனுக்கும் சோறு நிலைக்கவில்லை.

கொஞ்சம் சூடாகிவிட்டேன், மன்னியுங்கள். எங்கள் பக்கமும் சுத்தம் இல்லை. பிஎஸ்2-க்கு சிப் போட்டு, பர்மா பஜாரில் 50 ரூபாய் திருட்டு சிடி வாங்கி ஓட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாவத்துக்குத்தான் இப்போது 4,999 கொடுத்துக் கழுவிக்கொண்டிருக்கிறேன். பிஎஸ்5-ல் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கை வைத்தீர்களே, அது நிஜமாகவே பெரிய உபகாரம். முன்பு லோடிங் ஓடும் நேரத்தில் பசங்க டீக்கடைக்குப் போய் வந்துவிடுவார்கள், இப்போது போக முடிவதில்லை. டீக்கடைக்காரருக்குத்தான் வருத்தம்.

செய்ய முடியாததையும் நான் கேட்கவில்லை. 2021-ல் ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கிய இட் டேக்ஸ் டூ, இரண்டு பேர் இல்லாமல் தொடங்கவே தொடங்காது. அதைச் செய்த ஹேஸ்லைட் 2025-ல் கொடுத்த ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷனும் அப்படித்தான். என் கடை இன்றைக்கும் ஓடுவது கால்பந்தாலும் மல்யுத்தத்தாலும் டெக்கன் என்ற சண்டை கேமாலும். மூன்றிலும் இரண்டு ரிமோட். தோற்றவன் எழுந்து, அடுத்தவன் உட்கார்ந்து, மறுபடி 80 ரூபாய் வருகிறது.

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தலைமுறைப் பெட்டியில் படத்தை இதே இடத்தில் நிறுத்துங்கள். மிஞ்சும் பலத்தில் 60 ஃப்ரேம் கொடுங்கள், முடிந்த இடத்தில் எல்லாம் இரண்டாவது ரிமோட்டைத் திறந்துவிடுங்கள். எல்லாக் கேமுக்கும் கேட்கவில்லை. தனியாக ஆட வேண்டிய கதை தனியாகவே இருக்கட்டும். பத்தில் மூன்று போதும்.

இதற்குப் பதில் எழுத உங்களுக்கு நேரம் இருக்காது, தெரியும். அடுத்த பெரிய கேமின் பெட்டிக்குப் பின்னால் ‘ஆட்டக்காரர்கள்: 1–2’ என்று இருந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தடவை வாங்கும் முன் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காசு எடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு கேம் சென்டர்காரன்,
கும்பகோணம்