‘ஓவரால் 7’ போதாது

ஐயா,

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை, நர்சிங் முடித்துவிட்டு பிரிட்டன் வேலைக்காக ஐஇஎல்டிஎஸ், ஓஇடி ஆகிய ஆங்கிலத் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் ஏராளம். பயிற்சி மையங்களின் பிளக்ஸ் போர்டில் ‘ஓவரால் 7’, அதாவது சராசரி 7, என்றுதான் கொட்டை எழுத்தில் இருக்கும். பிரிட்டன் நர்சிங் கவுன்சில் பார்ப்பது அதை மட்டுமல்ல. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் தனித்தனியே 7, ரைட்டிங்கில் 6.5 வேண்டும். லிசனிங்கில் 8, ரீடிங்கிலும் ஸ்பீக்கிங்கிலும் 7, ரைட்டிங்கில் 6 எடுத்தால் சராசரி 7 வந்துவிடும். ஆனால் அந்த ஒரு ரிசல்ட்டை வைத்துப் பதிய முடியாது. ஐஇஎல்டிஎஸ்ஸின் இன்னொரு வகையான ஜெனரல் டிரெயினிங் தேர்வு எழுதியவருக்கு 8 வந்தாலும் இதற்கு உதவாது.

ஐஇஎல்டிஎஸ்ஸில் பலர் இடறுவது ரைட்டிங்கில்தான். முதல் கேள்வியைவிட இரண்டாவதற்கு இரட்டை மதிப்பு. ஆனாலும் முதல் கேள்வியில் வரும் வரைபடத்தை வர்ணித்தே அரைமணி நேரத்தைத் தொலைக்கிறார்கள். 20 நிமிடத்தில் 150 சொல் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். மனப்பாடக் கட்டுரையைத் திருத்துபவர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

ஓஇடியில் ரைட்டிங்குக்கு 300, மற்ற மூன்றுக்கும் 350 தேவை. இங்கே சராசரியே கிடையாது. ரைட்டிங்குக்கான 45 நிமிடத்தில் முதல் 5 நிமிடம் நோயாளி குறிப்புகளைப் படிக்க மட்டும், பேனாவைத் தொடக்கூடாது. பிறகு கடிதம், சுமார் 180 முதல் 200 சொல். குறிப்பில் உள்ளதையெல்லாம் வரிசையாக இறக்கிவைப்பதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. வீட்டுக்கு வந்து புண்ணுக்கு மருந்து கட்டப்போகும் நர்ஸுக்குத்தான் கடிதம் என்றால், புண்ணின் நிலை, மருந்தின் அளவு, அலர்ஜி, அடுத்த பரிசோதனைத் தேதி வேண்டும். சின்ன வயதில் நடந்த குடல்வால் ஆபரேஷன் எதற்கு? எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். குறிப்பிலுள்ள சுருக்கெழுத்துகளை அப்படியே பெயர்க்காமல் முழு வாக்கியமாக்க வேண்டும். மாதிரிக் கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பும் மையத்தைவிட, மாணவி எழுதியதை வரிக்கு வரி திருத்தித் தரும் மையம் எவ்வளவோ மேல். பணம் கட்டுமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று: விண்ணப்பத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்க, பழக்கதோஷத்தில் இனிஷியல் மட்டும் போட்டுவிட்டுத் தேர்வு மையத்தில் தவிக்க வேண்டாம். தேர்வன்று அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், ஆதார் செல்லாது.

இப்படிக்கு,
ஆங்கிலப் பயிற்சி ஆசிரியர்கள் சிலர்,
மார்த்தாண்டம்.