இரண்டு கோடி பவுண்டு யார் கைக்குப் போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடிமைகளை விடுவிக்கப் பிரிட்டன் 2 கோடி பவுண்டு செலவழித்தது என்றும், அதற்குப் பிறகும் அந்த நாடு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது வீண் பிடிவாதம் என்றும் சென்ற இதழின் தலையங்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணம் யார் கைக்குப் போனது என்பது தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் அந்த ஒரு விவரத்தை மட்டும் விட்டுவிட்டது ஏன் என்று கேட்கும் உரிமை, சந்தா கட்டிப் படிக்கும் வாசகனுக்கு உண்டு என்று நம்புகிறேன்.

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தொகை முழுவதும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கே இழப்பீடாகப் போய்ச் சேர்ந்தது; சங்கிலியில் கிடந்தவர்களுக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை. மாறாக, தொழில் பழகுநர் என்று புதுப்பெயர் சூட்டி, 1838 வரை அதே தோட்டங்களில் அதே முதலாளிகளிடம் வாரத்தின் பெரும்பகுதி கூலியின்றி உழைக்க வைத்தார்கள். அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்குச் சமமான அந்தத் தொகைக்காக 1835இல் வாங்கிய கடனின் மிச்சம் தீர்ந்தது 2015இல்தான். ஆக, அடிமைகளின் வழிவந்து இன்று பிரிட்டனில் செவிலியராகவும் பேருந்து ஓட்டுநராகவும் இருப்பவர்கள், தங்கள் முன்னோரை விலைக்கு வாங்கியவர்களுக்கான இழப்பீட்டைத் தங்கள் வரிப்பணத்தில் அடைத்திருக்கிறார்கள்.

"செய்தவர்களும் இல்லை, பட்டவர்களும் இல்லை, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?" என்றும் வினவியிருக்கிறீர்கள். வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். பத்திரத்தில் கையெழுத்திட்ட இயக்குநர்கள் எல்லோரும் காலமாகிவிட்டார்கள், ஆகவே கடனும் காலமாகிவிட்டது என்று எந்த நிறுவனமும் எங்களிடம் வந்து நின்றதில்லை. 180 ஆண்டுகள் தவறாமல் கடனை நினைவில் வைத்திருந்த ஓர் அரசுக்கு, அந்தக் கடனுக்குக் காரணமான குற்றத்தில் மட்டும் ஞாபகமறதி வருவது விந்தைதான். பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. தன் ஆட்சியிலிருந்தும் அடிமைத்தளையிலிருந்தும் தாமே போராடி விடுதலை பெற்ற கரீபிய நாடான ஹைட்டியின் மக்களிடம் 1825இல் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த முதலாளிகளுக்கான இழப்பீடாக 15 கோடி பிராங்க் கேட்டு, பிறகு பெருந்தன்மையோடு அதை 9 கோடியாகக் குறைத்தது. அதைக் கட்டுவதற்காக வாங்கிய கடன்கள் அடைய 1947 ஆயிற்று.

மன்னிப்பு வெற்றுச்சொல் என்பது தங்கள் அடுத்த வாதம். சில மன்னிப்புகள் அப்படித்தான் என்பதை மறுக்கவில்லை. 2009இல் அமெரிக்க மேலவை அடிமைமுறைக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு தீர்மானம் போட்டது. அரசிடம் எவரும் இழப்பீடு கோருவதற்கு இது ஆதாரமாகாது என்றும் அதே தீர்மானத்தில் எழுதிவைத்தது. ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டே மறுகையால் மடிச்சீலையைப் பொத்திக்கொள்வதைப் போன்ற காரியம் அது. ஆனால், சொல்லே வேண்டாம் என்று தாங்கள் முடிவுகட்டுவதை நான் ஏற்கமாட்டேன். என் தந்தையை ஓர் அலுவலகம் கையாடல் குற்றம் சாட்டிப் பணிநீக்கம் செய்தது. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, நிலுவைச் சம்பளத்தை வழங்குவதாக ஒரு பக்க ஆணை வந்தது. அம்மா அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா பார் என்றார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தொகை பைசா சுத்தமாக வந்திருந்தது; தவறு யாருடையது என்பது மட்டும் எங்கும் இல்லை. இரண்டையும் சேர்த்தே தர முடியும் என்பதற்கும் சான்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசால் முகாம்களில் அடைக்கப்பட்டு, உயிரோடு இருந்த ஜப்பானிய அமெரிக்கர்கள் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதமும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாகக் கிடைத்தன.

பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை ஜான், அந்த 2 கோடியில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றவர். அடிமைகள் கைவிட்டுப் போகும் நிலை வந்ததும், 1838இல் தென் அமெரிக்காவில் உள்ள பிரிட்டிஷ் கயானாவுக்கு இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றச் செய்தவரும் அவரே. 2023இல் அவருடைய வழித்தோன்றல்கள் கயானாவுக்கே சென்று இரண்டு குற்றங்களுக்கும் மன்னிப்புக் கேட்டார்கள். இதைப் பற்றி அப்போதே தங்களுக்கு எழுதினேன். ஒப்பந்தக் கூலிகள் பற்றிய பகுதியை மட்டும், இடமின்மை காரணமாக, வெட்டிவிட்டு வெளியிட்டீர்கள். அதே இதழில் ஒரு நடிகரின் புதுவீட்டுக்கு இரண்டு பக்கம் இடமிருந்தது. 2019இல் ஜாலியன்வாலா பாக் நூற்றாண்டின்போது தெரசா மே வருத்தம் தெரிவித்ததோடு நிறுத்திக்கொள்ள, தங்கள் அட்டையோ பிரிட்டன் மன்னிப்புக் கேட்டதாக அறிவித்தது. அதற்கும் இன்றுவரை திருத்தம் வரவில்லை.

முதலில் நம் முன்னோர் செய்த கொடுமைகளுக்கு நாம் மன்னிப்புக் கேட்டோமா என்ற கேள்வியோடு தலையங்கத்தை முடித்திருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆளை விலைபேசி எழுதிக்கொடுத்த அடிமை ஓலைகள் தமிழிலும் உண்டு. அதற்காகத் தாங்கள் ஒரு தலையங்கம் எழுதினால், வரவேற்று வரும் முதல் கடிதம் என்னுடையதாக இருக்கும். ஆனால், நாம் கேட்காததைக் காட்டி அவர்கள் கேட்க வேண்டாம் என்பது, இரு தரப்பும் கேட்காமலே தப்பித்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடன்றி வேறென்ன?

தலையங்கத்தையே திரும்பப் பெறுங்கள் என்று கேட்குமளவுக்கு நான் பேராசைக்காரன் அல்லன். அந்த 2 கோடி பவுண்டு அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு வழங்கப்பட்டது என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். விளம்பரங்களுக்கு அடியில் பொடி எழுத்தில் போடாமல், தலையங்கம் வந்த அதே பக்கத்தில் போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்