ஜிடிபி (GTP) பாக்கெட்டுக்குள் இருப்பது எது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

மொபைல் நெட்வொர்க்கின் தரவுப் பாக்கெட்டுகளைப் பிரித்துப் படிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் வந்த கட்டுரையை வாசித்தேன். எந்தச் சேவைக்கானது என்று குறிக்கும் போர்ட் எண்ணைக் கொண்டே நெறிமுறையை (தரவைப் பரிமாறும் விதித்தொகுப்பை) அறிந்துவிடலாம் என்று அதில் கூறியிருப்பது வெளியடுக்குகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பாக்கெட்டில் நெறிமுறைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்; ஒவ்வோர் அடுக்கும் தன் விவரங்களைத் தரும் தலைப்போடு தொடங்கும். ஐபி தலைப்பின் நெறிமுறைப் புலத்தில் 17 என்றிருந்தால் அடுத்த அடுக்கு யுடிபி. யுடிபியில் போர்ட் 2152 என்றால் அது ஜிடிபி-யூ, அதாவது பயனரின் பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து டனல் வழியே சுமக்கும் மொபைல் நெட்வொர்க் நெறிமுறை. சிக்னலிங்கை, அதாவது இணைப்பை அமைக்கும் கட்டுப்பாட்டுச் செய்திகளைச் சுமக்கும் எஸ்சிடிபியிலும் மேலடுக்கு நெறிமுறையைக் குறிக்கத் தனிப் புலம் உண்டு. பேஸ் ஸ்டேஷனும் கோர் நெட்வொர்க்கும் பேசிக்கொள்ளும் நெறிமுறைகளில், 4ஜி-யின் எஸ்1ஏபிக்கு 18, 5ஜி-யின் என்ஜிஏபிக்கு 60.

சிக்கல் ஜிடிபி-யூவுக்கு உள்ளேதான் தொடங்குகிறது. செய்தி வகை 255 என்றிருந்தால் உள்ளே பயனரின் பாக்கெட் இருக்கிறது என்று மட்டுமே பொருள். அது ஐபிவி4-ஆ, ஐபிவி6-ஆ, 5ஜி அனுமதிக்கும் ஈத்தர்நெட் ஃபிரேமா (உள்ளூர் நெட்வொர்க்கின் தரவு அலகு) என்பதைச் சொல்லும் புலம் அந்த அடிப்படைத் தலைப்பில் கிடையாது. எனவே பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் டிகோடர்கள் உள்ளிருப்பதன் முதல் நான்கு பிட்டுகளைப் பார்த்து, 4 என்றால் ஐபிவி4, 6 என்றால் ஐபிவி6 என்று ஊகித்துக்கொள்வது வழக்கம். தலைப்பு எட்டு பைட்டுகளோடு முடிந்துவிடுவதாக எடுத்துக்கொள்ளும் கருவிக்கு இந்த ஊகமும் கைகொடுக்காது. மூன்று கொடி பிட்டுகளில் ஒன்று 1 ஆக இருந்தாலும் மேலும் நான்கு பைட்டுகள் சேரும், அவற்றுக்குப் பின் நீட்டிப்புத் தலைப்புகளும் வரலாம்.

ஈத்தர்நெட் ஃபிரேமிலோ அந்த நான்கு பிட்டுகள் பெறுநரின் மேக் முகவரியின் (வன்பொருள் முகவரி) தொடக்கம். அம்முகவரி 4 அல்லது 6 என்று தொடங்கினால், ஃபிரேம் முழுவதும் ஐபி என்று படிக்கப்பட்டு, உண்மையில் இல்லாத முகவரிகள் திரையில் தோன்றும். பழுதைத் தேடும் பொறியாளர் அந்த வெளியீட்டை நம்பியே முடிவெடுக்கிறார் என்பதால் இதைச் சிறிய குறையாக என்னால் கருத முடியவில்லை.

ஐபி தலைப்பு சொல்லும் நீளம் ஜிடிபி சொல்லும் நீளத்தோடு பொருந்துகிறதா, ஐபிவி4 எனில் தலைப்பின் செக்சம் (பிழையைக் கண்டறியும் எண்) சரியாக வருகிறதா என்று பார்த்தாலே இத்தகைய தவறுகள் வெகுவாகக் குறையும். ஐபிவி6 தலைப்பில் செக்சம் இல்லாததால் அங்கே நீளம்தான் முதன்மையான துணை. ஆனால் உறுதியான விடை சிக்னலிங்கில்தான் இருக்கிறது. 5ஜி-யில் பயனரின் தரவு இணைப்பான அமர்வை அமைக்குமாறு கோர் நெட்வொர்க் பேஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பும் என்ஜிஏபி செய்தியில் டனலின் அடையாள எண்ணும் அமர்வின் வகையும் (ஐபியா, ஈத்தர்நெட்டா என்பது) ஒருங்கே இருக்கின்றன. எதிர்த்திசை டனலின் எண்ணை அதற்கான பதில் செய்தி தருகிறது. 4ஜி-யில் 2123 போர்ட்டில் செல்லும், ஜிடிபியின் சிக்னலிங் வகையான ஜிடிபி-சி செய்திகளிலிருந்து இவற்றைப் பெறலாம். டனல் எண் அதைப் பெறும் முனைக்குள் மட்டுமே தனித்துவமானது என்பதால், அம்முனையின் ஐபி முகவரியையும் சேர்த்தே டிகோடர் அட்டவணையிட வேண்டும்.

சிக்னலிங் பதிவாகாத இடங்களில், பாக்கெட்டுகளை ஆராயும் வயர்ஷார்க் போன்ற கருவிகளில் உள்ளடக்கத்தை ஈத்தர்நெட் என்று பயனரே அமைத்துக்கொள்ள வழி உண்டு. அவ்வாறு அமைக்காதபோது, ஊகித்த வகையை ஊகம் என்றே கருவிகள் திரையில் குறிக்க வேண்டும் என்பது என் கருத்து. இவ்விளக்கத்தையும் வாசகர்களுக்கு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பொறியாளர் ஒருவர்