பட்டனை அழுத்துவதற்கு முன், அந்த ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்

ராத்திரி நேரத்தில் ரயிலைப் படமெடுக்கக் கிளம்பும் நண்பர்களுக்கு,

வணக்கம். முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். கேமரா வாங்கிய புதிதில் எல்லாவற்றையும் ஆட்டோ மோடிலேயே எடுப்பேன். ஒரு ராத்திரி, எஞ்சின் எதிரே வந்துகொண்டிருந்தபோது பட்டனை அழுத்தினேன். என்னைக் கேட்காமலே ஃபிளாஷ் எழும்பி அடித்துவிட்டது. ஓட்டுநர் ஹாரனை நீளமாக அழுத்தியபடியே கடந்து போனார். அது எனக்கு விழுந்த வசவு என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. படத்தைப் பார்த்தால், பக்கத்துப் பலகையில் ஒட்டியிருந்த ஒளிரும் பட்டை மட்டும் பளீரென்று எரிகிறது. எஞ்சின் இருந்த இடத்தில் ஹெட்லைட்டும் இருட்டும்தான்.

கேமராவோடு வரும் குட்டி ஃபிளாஷ் சில மீட்டருக்கு மேல் எட்டாது. ரயில் அதைவிட எவ்வளவு பெரியது! ஆக, படத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஓட்டுநருக்கோ அது தொல்லை. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். கெடுவதற்கு ஒரு மின்னல் போதும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடிவிடும். அவர் கண் 5 நொடி கூசினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஃபிளாஷை அணைத்தால் மட்டும் போதாது. ஃபோகஸுக்கு உதவ கேமராவின் முகத்தில் ஒரு குட்டி விளக்கு எரியுமே, பல கேமராக்களில் அது சிவப்போ ஆரஞ்சோதான். டைமர் வைத்தாலும் அதுவே கண் சிமிட்டும். தண்டவாளத்தோரம் சிவப்பு வெளிச்சத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டார்ச்சை ஆட்டி எஞ்சினுக்கு வெளிச்சம் பூசும் பழக்கம் இதைவிட மோசம். பல நாட்டு ரயில்வே விதிகளில், தண்டவாளத்தருகே யார் எந்த விளக்கை வேகமாக ஆட்டினாலும் ‘வண்டியை நிறுத்து’ என்றுதான் பொருள்.

ராத்திரி ரயில் படங்களுக்குப் பேர்போன புகைப்படக்காரர் வின்ஸ்டன் லிங்க் ஃபிளாஷ் போட்டுத்தானே எடுத்தார் என்று கேட்பீர்கள். சரிதான். 1955 முதல் 1960 வரை, அமெரிக்காவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை, டஜன் கணக்கில் ஃபிளாஷ் பல்புகளைக் கம்பியால் கோத்து ஒரே நேரத்தில் எரியவிட்டு எடுத்தார். அந்தப் புகை வெள்ளை வெளேரென்று வானத்தில் நிற்பதைப் பார்த்து நானும் ஏங்கியிருக்கிறேன். ஆனால் அவர் கம்பெனியின் அனுமதியும் ஊழியர்களின் ஒத்துழைப்பும் வாங்கிக்கொண்டு செய்தார். நாம் ஓட்டுநருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அடிக்கிறோம்.

வெளிச்சத்தை நாம் கொண்டுபோகவே வேண்டாம், அங்கேயே நிறைய இருக்கிறது. ரயில் நிற்கும்போது கேமராவை டிரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் பத்து நொடி என்று தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். (டிரைபாட் பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டைத் தாண்டாமல்தான் நிற்க வேண்டும், தெரியும்தானே.) ஹெட்லைட் படத்தைச் சுட்டுவிடுகிறது என்றால் ரயிலின் வால் பக்கம் போய்விடுங்கள். எனக்குப் பிடித்த விளையாட்டு ஒன்று: ரயில் கிளம்புவதற்குச் சில நொடி முன்பே ஷட்டரைத் திறந்து, அது நகர்ந்து போனபிறகும் கொஞ்சம் விட்டு மூடுவது. பெட்டி பாதி கரைந்து ஆவி மாதிரி நிற்கும், ஊடாகப் பின்னாலிருக்கும் தூண் தெரியும், பின்விளக்கு சிவப்புக் கோடாக இழுத்துக்கொண்டு போகும். இருபது தடவை எடுத்தால் ஒன்று தேறும். மழை பெய்து பிளாட்பாரம் நனைந்திருந்தால் இரண்டு தேறலாம். அப்புறம், வேகமான ஷட்டரில் எடுக்கும்போது ஊர்ப்பெயர் ஓடும் டிஜிட்டல் பலகையின் எழுத்து படத்தில் பாதி அறுந்து விழுந்தால் கேமராவைத் திட்டாதீர்கள். அந்த எல்இடிகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகின்றன. ஷட்டர் வேகத்தை 1/60 நொடி அளவுக்கு இறக்கினால் பெரும்பாலும் முழுசாக விழும்.

அடுத்த ரயில் வருவதற்குள் மெனுவுக்குள் போய் ஃபிளாஷ், ஃபோகஸ் விளக்கு இரண்டையும் அணைத்துவிடுங்கள். டைமர் விளக்கை அணைக்கச் சில கேமராக்களில் வழியே இருக்காது. அதன்மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டினால் போதும். என் கேமராவில் ஒட்டியது ஓரம் பிய்ந்து தொங்குகிறது, மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
அன்று அந்த ஹாரனை வாங்கிக் கட்டிக்கொண்டவன்